சேதியைப் பூட்டிவிட்டால் போதுமா? ராணுவ வயர்லெஸ்ஸும் ஜாமரும்

வள்ளியூர் மணி:

எல்லாருக்கும் வணக்கம். ஈ.சி.ஈ. மூன்றாம் வருஷம் படிக்கிறேன். செமினாருக்கு மின்னணுப் போர் என்று நானே தலைப்பைக் கேட்டு வாங்கிவிட்டு இப்போது ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏ.இ.எஸ். 256 என்கிற குறியாக்க முறை மாதிரி ஒரு பூட்டைப் போட்டுவிட்டால் எதிரி தலைகீழாக நின்றாலும் சேதியைத் திறக்க முடியாது என்றுதான் எல்லாப் பாடமும் சொல்கிறது. அப்படி இருக்கும்போது ராணுவம் ஏன் இன்னும் நொடிக்கு நூறு தடவை அலைவரிசையை மாற்றிக்கொண்டு, ஆண்டெனாவை மறைத்து வைத்துக்கொண்டு, பல நேரம் பேசாமலே இருந்து இவ்வளவு பாடுபடுகிறது? இன்னொரு பக்கம், விஜயநாராயணத்தில் இருக்கிற கடற்படை வயர்லெஸ் நிலையம் ஐ.என்.எஸ். கட்டபொம்மனின் டவர் ஊருக்கே தெரிகிறது, அதை யாரும் ஒளிக்கவே இல்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பை முத்து:

இதெல்லாம் பழைய சங்கதி தம்பி. வாக்கி டாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்த காலம் போயாச்சு. இப்போது எல்லாம் சாட்டிலைட். மேலே இருந்து வருகிற சிக்னலை எவன் மறிக்கப் போகிறான்? ஸ்டார்லிங்க் படம் நாலு போடு, மார்க் தானாக விழும்.

முக்கூடல் சிக்னல்:

முத்து, கொஞ்சம் பொறும்வே, சாட்டிலைட்டுக்கு அப்புறம் வருவோம்.

மணி தம்பி, நான் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் பார்த்த செட்டையோ அங்கே இருந்த நடைமுறையையோ இங்கே எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். உன் கேள்விக்கு உலகத்துக்கே தெரிந்த சமாச்சாரங்களே போதும்.

நீ சொல்கிற பூட்டு, சேதிக்குள்ளே இருப்பதை மட்டும்தான் காப்பாற்றும். பட்டனை அமுக்கின அந்த நிமிஷமே, இங்கே ஒருத்தன் இருக்கிறான், இன்ன நேரத்தில் பேசினான், இன்ன திசையில் இருக்கிறான் என்பதெல்லாம் காற்றில் ஏறிவிடுகிறது. எந்தப் பூட்டாலும் அதை மறைக்க முடியாது. எதிரிக்கு முதலில் வேண்டியதும் அதுதான். நீ என்ன பேசினாய் என்று நாளைக்கு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம், எங்கே இருந்து பேசினாய் என்று தெரிந்தால் இன்றைக்கே குண்டு போடலாம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பாரு. அவர்களிடம் எனிக்மா என்கிற குறியாக்க எந்திரம் இருந்தது. நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் கரையில் உட்கார்ந்தபடியே கூட்டத்தை நடத்தினார். சரக்குக் கப்பல் வரிசையைக் கண்ட நீர்மூழ்கி வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு மற்றதெல்லாம் அங்கே கூட வேண்டும். சேதி சில நொடியில் முடிந்துவிட்டால் யாராலும் திசை பார்க்க முடியாது என்று நம்பி, சுருக்கக் குறிகளாகவே அனுப்பினார்கள். ஆனால் நேச நாட்டுக் காவல் கப்பல்களில் ஹஃப் டஃப் என்று ஒரு கருவி ஏறியது. சிக்னல் விழுந்த கணமே திரையில் அது வந்த திசைக்கு ஒரு கோடு விழும். எனிக்மாவை உடைக்கவே வேண்டாம், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கப்பல் பாய்ந்து போனால் போதும், நீர்மூழ்கி தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனிக்மாவை உடைத்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், இதைச் சொல்கிறவர் கம்மி.

நம் காலத்தில் என்றால் 2023 ஜனவரி 1, மக்கீவ்கா. ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் உக்ரைன் ராக்கெட் விழுந்தது. 89 பேர் இறந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. வீரர்கள் தடையை மீறிக் கைபேசி உபயோகித்ததுதான் காரணம் என்றும் சொன்னது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்த அதிகாரிகளைப் பற்றி ஏன் பேச்சில்லை என்று ரஷ்யாவிலேயே சிலர் கேட்டார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். எப்படியோ, அந்தக் கைபேசிகளில் வீட்டுக்கு என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

உவரிக்காரன்:

அண்ணாச்சி சொல்வது எங்களுக்கு ஒன்றும் புதுசு இல்லை. கடலில் தினமும் நடப்பதுதான். வி.எச்.எஃப். செட்டில் மீன் பட்டது என்று எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான், வீட்டு விசேஷம் பேசுவது போலப் பேசுவான். நாங்கள் அவன் பேச்சையா கேட்கிறோம்? விடியலில் இருந்து கரகரவென்று கேட்டவன் திடீரென்று கணீர் என்று வந்தால் ஆள் பக்கத்தில் வந்துவிட்டான். ஓயாமல் தொணதொணத்துக் கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டால் அவனுக்கு நல்ல பாடு விழுந்திருக்கிறது, போட்டை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். பேசினாலும் மாட்டுவான், பேசாவிட்டாலும் மாட்டுவான்.

முக்கூடல் சிக்னல்:

உவரி அண்ணன் கடைசியாகச் சொன்னதை மணி கண்டிப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் ஐம்பது சேதி போகிற வலையில் ஒரு நாள் இருநூறு போனால் ஏதோ நடக்கப் போகிறது. ஒரேயடியாக அமைதியாகிவிட்டாலும் ஏதோ நடக்கப் போகிறது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல், யார் யாருக்கு எத்தனை தடவை பேசினான், யார் பேசின பிறகு யார் பதில் சொன்னான் என்று கணக்கு எழுதியே எது தலைமையகம், எது அடுத்த மட்டம் என்று படம் போட்டுவிடுவார்கள். அதனால்தான் பெரிய கடற்படைகள் கப்பல்களுக்கான ஒலிபரப்பை நாள் முழுக்க ஒரே சீராக ஓடவிடுகின்றன. சேதி இல்லாத நேரத்தில் வெறும் நிரப்பு எழுத்துகள் ஓடும். வெளியே இருந்து கேட்கிறவனுக்குச் சேதி எது, சக்கை எது என்று தெரியாது.

வள்ளியூர் மணி:

சூப்பர் அண்ணாச்சி. அப்போ அலைவரிசை தாவல் எதற்கு? இடத்தை மறைக்கவா, இரைச்சல் போட்டுப் பேச்சை மறிக்கிற ஜாமரிடம் இருந்து தப்பிக்கவா?

ராதாபுரம் ஹாம்:

இரண்டுக்கும்தான், ஆனால் முக்கியமாக ஜாமருக்கு. இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாமர் பேசுகிறவனை ஒன்றும் செய்யாது, கேட்கிறவனின் காதைத்தான் அடைக்கும். நான்தான் ஜாமர்காரன் என்று வை, உனக்குச் சேதி அனுப்புகிற ஆள் எனக்குப் பக்கத்தில் நின்றாலும், நான் ஜாமரின் சத்தத்தைக் கொண்டு சேர்க்க வேண்டியது உன் ரிசீவரிடம்தான். ஆகவே எத்தனை வாட்ஸ் என்பதோடு, உன்னிடம் இருந்து அவன் எவ்வளவு தூரம், நான் எவ்வளவு தூரம், நடுவில் மலை இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும்.

இப்போது தாவலுக்கு வா. அமெரிக்கத் தரைப்படையின் சின்கார்ஸ் செட்டை எடுத்துக்கொள், அதன் விவரம் எல்லாம் வெளியே அச்சில் இருப்பதுதான். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2320 சேனல். நொடிக்கு 111 தடவை தாவும். எந்தச் சேனலில் இருந்து எந்தச் சேனலுக்கு என்பது ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் ஒன்றாகக் கணக்கிடும், பார்க்கிறவனுக்கு வரிசையே புரியாது. ஜாமர்காரனிடம் 1000 வாட்ஸ் இருக்கிறது என்று வை. நீ ஒரே சேனலில் நின்றால் மொத்தத்தையும் உன் தலையில் கொட்டுவான், முடிந்தது கதை. நீ தாவினால் அவன் 2320 சேனலுக்கும் பங்கு வைக்க வேண்டும், சேனலுக்கு 0.43 வாட்ஸ்தான் வரும். கிட்டத்தட்ட 34 டெசிபெல் இழப்பு. உன் கையில் இருக்கிற நாலு வாட்ஸ் செட்டே அதைவிடப் பெரிசு.

அவனும் சும்மா இருக்க மாட்டான். எல்லாவற்றையும் அடைக்காமல் மூன்றில் ஒரு பங்கு சேனலை மட்டும் பலமாக அடைப்பான், பேச்சு விட்டு விட்டுப் பொத்தல் விழும். பிழை திருத்தும் குறியீடு இருந்தால் ஓரளவு ஒட்டுப்போட்டுக் கொள்ளலாம். அதைவிடக் கெட்டிக்காரன், நீ எந்தச் சேனலில் இறங்கினாய் என்று உடனே மோப்பம் பிடித்து அங்கேயே அடிப்பான். இதைத் துரத்து ஜாமர் என்று வைத்துக்கொள்வோம். 111 தாவல் என்றால் ஒரு சேனலில் 9 மில்லிநொடி இருப்பாய். அதற்குள் ரேடியோ அலை 2700 கிலோமீட்டர் போய்விடும், ஆகவே அவன் கருவி வேகமாக இருந்தால் உன்னைப் பிடித்துவிட நேரம் தாராளம். விமானங்களும் கப்பல்களும் உபயோகிக்கிற லிங்க் 16 வேறு ரகம். 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸுக்குள் 51 அலைவரிசை, நொடிக்குச் சுமார் 77,000 தாவல். ஒரு தாவலுக்குக் கிடைப்பது 13 மைக்ரோநொடி, அதற்குள் அலை நாலு கிலோமீட்டர்கூடப் போகாது. சிக்னல் ஜாமரிடம் போய், அங்கே இருந்து ரிசீவருக்கு வருகிற சுற்றுவழி நேர்வழியைவிட நாலு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலே அவன் எப்போதும் காலியான சேனலைத்தான் அடித்துக்கொண்டிருப்பான். இந்த ஒரு கணக்கைப் போர்டில் போட்டாலே உன் செமினார் பாதி முடிந்தது.

நடிகை ஹெடி லமார் கதையை எல்லாரும் போடுவார்கள், நீயும் போடுவாய் என்று தெரியும். 1942-இல் அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் வாங்கிய காப்புரிமை, பியானோ கட்டைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக 88 அலைவரிசை. நல்ல கதைதான், ஆனால் அமெரிக்கக் கடற்படை அப்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

அம்பை முத்து:

கணக்கெல்லாம் சரி. சாட்டிலைட்டுக்கு இன்னும் பதில் வரவில்லையே.

பணகுடி காற்றாலை:

நான் சொல்கிறேன் அண்ணாச்சி. எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், வயாசாட் நிறுவனத்தின் கே.ஏ.-சாட் இணையச் சேவை பாதி ஐரோப்பாவில் படுத்துவிட்டது. யாரும் வானத்துச் சிக்னலை மறிக்கவே இல்லை. தரையில் இருந்த நிர்வாகப் பிணையத்துக்குள் புகுந்து, வீடுகளில் இருந்த மோடங்களுக்குக் கெட்ட கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். குறிவைத்தது உக்ரைன் ராணுவத்தை, ஆனால் ஜெர்மனியில் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள் தூரத்துக் கண்காணிப்பை இழந்து நின்றன. இறக்கை நிற்கவில்லை, தன்பாட்டில் சுற்றி கரண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன, ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எது ஓடுகிறது, எது பழுது என்று ஒன்றும் தெரியாது. இங்கே காற்று சீசனில் ஒரு பிரிவு ஆலைக்கு லிங்க் போனாலே ஒவ்வொரு டவராக பைக்கில் போய்ப் பார்க்க வேண்டும், ஆடிக் காற்றில் அது என்ன பாடு என்று கேட்டுப் பாருங்கள். 5,800 என்றால்!

பாளை இயற்பியல்:

மேலே இருந்து வருவதாலேயே அது பலமான சிக்னல் என்று முத்து நினைக்கிறார். ஜி.பி.எஸ். கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வந்து சேரும்போது அந்தச் சிக்னல் ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவில்தான் இருக்கும். ரிசீவருக்குள்ளே இருக்கிற இயல்பான இரைச்சலுக்கும் கீழே. அதைக் கணக்குப் போட்டுத் தோண்டி எடுக்கிறோம், அவ்வளவுதான். பக்கத்தில் சில வாட்ஸ் இரைச்சல் இருந்தாலே மூழ்கிவிடும்.

நம் ஊர் விசேஷம் ஒன்று உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில்தான் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதே அதற்காகத்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பட்டையில் அயனமண்டலத்தில், அதாவது மேலே இருக்கிற மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலத்தில், அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து எழும்பும். சாட்டிலைட் சிக்னல் அவற்றுக்குள் புகுந்து வரும்போது நொடிக்கு நொடி ஏறி இறங்கும், சில நேரம் பிடியே விட்டுப்போகும். மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் அதிகம், சூரியப் புள்ளிகள் மிகுந்த வருஷங்களில் இன்னும் அதிகம். எந்த எதிரியும் வேண்டாம், இயற்கையே ஜாம் பண்ணிவிடும். ஒரு நாட்டின் ராணுவம் முழுக்கச் சாட்டிலைட்டை மட்டும் நம்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வள்ளியூர் மணி:

டீச்சர், அப்படியே விஜயநாராயணத்தையும் சொல்லிவிடுங்கள். அந்த டவர் ஏன் அவ்வளவு உயரம்?

மட்டுறுத்துநர்:

இடையில் ஒரு வார்த்தை. அந்த நிலையத்தின் போட்டோ, மேப் இணைப்பு, உள்ளே வேலை பார்ப்பவர் விவரம் எதையும் இங்கே போடக் கூடாது. இப்போதுதான் ஒரு பதிவை நீக்கினேன். பொதுவில் உள்ள இயற்பியலைத் தாராளமாகப் பேசுங்கள். அப்புறம், மேலே ஒருவர் ஜாமர் எங்கே விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டிருந்தார், அதையும் நீக்கியாச்சு. தனியார் ஜாமர் வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் போனில் பேசுகிறார் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

பாளை இயற்பியல்:

சரி, இயற்பியலை மட்டும் சொல்கிறேன்.

கடல்நீர் உப்பு, கரண்டைக் கடத்தும், ஆகவே ரேடியோ அலையை விழுங்கிவிடும். எஃப்.எம். ரேடியோ அலை கடலுக்குள் இரண்டரை சென்டிமீட்டர் போவதற்குள் அதன் வீச்சு நூறில் முப்பத்தேழாகிவிடும். அடுத்த இரண்டரைக்கு அதிலும் நூறில் முப்பத்தேழு. அரை அடி ஆழத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. அலைவரிசை இறங்க இறங்க ஆழம் கூடும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990-இல் தொடங்கப்பட்டது, மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்பும் நிலையம். உலகம் முழுக்க இந்த அலைவரிசைகளை ஆர்வலர்கள் கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இதற்கு 18.2 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும். கணக்குப் போட்டால் அதே நூறில் முப்பத்தேழு ஆவதற்குச் சுமார் 1.9 மீட்டர் வருகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் 46, 47 டெசிபெல் குறையும். நல்ல ரிசீவர் இருந்தால் கேட்டுவிடலாம். நீர்மூழ்கி மேலே தலைகாட்டாமல், பின்னால் ஒரு வயரை இழுத்துக்கொண்டே கேட்கும்.

விலை என்னவென்றால் அலைநீளம். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டும். முறையான கால் அலை ஆண்டெனா கட்ட வேண்டுமானால் 4 கிலோமீட்டர் உயரம் வேண்டும். யார் கட்டுவது? 470 மீட்டர் அளவுக்குக் கட்டி, உச்சியில் வயர்களைக் குடை போல விரித்துச் சமாளிக்கிறார்கள். அந்த 470 மீட்டர்கூட இந்த அலைக்கு வெறும் குச்சிதான். அதனால் பட்டையகலம் மிகக் குறுகல், பேச்சு அனுப்ப முடியாது, எழுத்து எழுத்தாகத்தான் போகும்.

முக்கூடல் சிக்னல்:

டீச்சர் சொன்னதோடு மணியின் முதல் கேள்விக்குப் பதிலும் வந்துவிட்டது. டவர் எங்கே இருக்கிறது என்பது ஊர் அறிந்த விஷயம், அது பேசிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். ரகசியம் எல்லாம் கேட்கிறவன் பக்கத்தில் இருக்கிறது. நீர்மூழ்கி பதிலே சொல்லாது. சேதி கிடைத்தது என்றுகூடச் சொல்லாது. டோனிட்ஸின் ஆட்கள் ஓயாமல் பதில் சொல்லித்தான் மாட்டினார்கள். இந்த அலைவரிசையை ஜாம் பண்ண வேண்டுமானால் எதிரியும் இதே மாதிரி நானூறு மீட்டர் டவரும் பல நூறு கிலோவாட்டும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதைச் சட்டைப்பையில் ஒளிக்க முடியாது.

உவரிக்காரன்:

அண்ணாச்சி, ஜாம் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் பக்கம் எவனாவது மைக்கைச் சரியாக மாட்டாமல், பட்டன் அமுங்கிக் கிடந்தால் அன்றைக்கு 16-ஆம் சேனல் அம்போதான். எல்லாருக்கும் அவன் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவசரத்துக்கு இருக்கிற சேனல் அது. பாதி நாள் யார் என்றே தெரியாது. ராணுவத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எதிரியா, நம் ஆள் பட்டனா என்று?

முக்கூடல் சிக்னல்:

அருமையான கேள்வி, எந்த வயர்லெஸ் பாடமும் ஆரம்பிப்பதே இதில்தான். ஹெட்செட்டில் இரைச்சல் வந்தால் புது ஆள் உடனே ஜாமர், ஜாமர் என்று கத்துவான். முதலில் செய்ய வேண்டியது ஆண்டெனா வயரைக் கழற்றிப் பார்ப்பது. இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு உன் செட்டில், பேட்டரியில், பக்கத்தில் ஓடுகிற ஜெனரேட்டரில். கழற்றினதும் அடங்கிவிட்டால் அது வெளியே இருந்து வருகிறது. அப்போதும் எதிரி என்று முடிவு கட்டாதே. டீச்சர் சொன்ன மாதிரி வானம் காரணமாக இருக்கலாம், பக்கத்துப் பட்டாலியன் அதே அலைவரிசையில் இருக்கலாம், உவரி அண்ணன் சொன்ன மாதிரி எவன் பட்டனோ அமுங்கியிருக்கலாம். திசை ஆண்டெனா இருந்தால் திருப்பிப் பார், எந்தப் பக்கம் கூடுகிறது என்று.

எதிரிதான் என்று தெரிந்த பிறகு செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. ஐயோ, எங்களை ஜாம் பண்ணுகிறார்கள் என்று அதே செட்டில் வெட்டவெளியாகச் சொல்லவே கூடாது. அவன் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தன் ஜாமர் வேலை செய்கிறதா, போதுமான பலம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரிய வேறு வழி கம்மி. நீ பாட்டுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் குழம்பி வேறு அலைவரிசைக்குப் போய்விடுவான். தகவலை மேலே வேறு வழியில் சொல், வயரில், ஆள் மூலம், பூட்டின இன்னொரு செட்டில்.

அப்புறம் சொந்தப் பக்கத்தைச் சரி பண்ணு. ராதாபுரம் தம்பி மலை என்று சொன்னாரே, அது சும்மா இல்லை. களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் செல்போன் டவர் சிக்னல் எங்கே செத்துப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதையே ஆயுதமாக்கு. எதிரிக்கும் உனக்கும் நடுவில் மலை இருக்க வேண்டும், உனக்கும் உன் ஆளுக்கும் நடுவில் இருக்கக் கூடாது. சில நேரம் ஆண்டெனாவை இருபது அடி தள்ளி வைத்தாலே போதும். சேதி அனுப்புகிற வேகத்தைக் குறை, சேதியைச் சுருக்கு. பவரைக் கூட்டுவது கடைசி வழி, ஏனென்றால் கூட்டின பவரை உன் ஆள் மட்டுமா கேட்கிறான், திசை பார்க்கிறவனும்தான் கேட்கிறான். புது ஆட்கள் முதலில் திருகுவது அந்தக் குமிழைத்தான்!

அம்பை முத்து:

நீங்கள் ஆயிரம் சொல்லுங்கள், உக்ரைனில் இப்போது என்ன நடக்கிறது? ஜாமர் தொல்லை தாங்காமல் டிரோனில் ரேடியோவையே கழற்றிவிட்டு ஃபைபர் வயரைக் கட்டிவிடுகிறான், கிலோமீட்டர் கணக்கில் அவிழ்ந்துகொண்டே போகிறது. ஜாமரும் இல்லை, தாவலும் இல்லை. எல்லாம் வயருக்குத் திரும்பியாச்சு. நான் அதைத்தான் சொல்கிறேன், ரேடியோ காலம் போயாச்சு.

முக்கூடல் சிக்னல்:

காலையில் சாட்டிலைட் என்றீர், சாயங்காலம் வயர் என்கிறீர். சரி, டிரோனுக்கு நீர் சொல்வது உண்மைதான். இரண்டு பக்கமும் ஃபைபர் டிரோன் பறக்கவிடுகிறார்கள், மரத்தில் எல்லாம் வயர் தொங்குகிற படம் நானும் பார்த்தேன். ஆனால் வயருக்கும் காது உண்டு வே. முதல் உலகப்போரில் அகழிகளுக்குள் டெலிபோன் வைத்தபோது ஒரே வயர் போட்டு, மறு பாதைக்கு மண்ணையே உபயோகித்தார்கள். மண்ணில் கசிந்த கரண்டை எதிரி அகழியில் கம்பி நட்டு, பெருக்கிக் கேட்டான். அதற்குப் பதிலாகத்தான் 1915-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபுல்லர் ஒட்டுக்கேட்க முடியாத தந்திக் கருவி செய்தார், ஃபுல்லர்ஃபோன். ஃபைபரில் மண்ணில் கசிவு கிடையாதுதான், ஆனால் ஓடுகிற டாங்கிக்கும் பறக்கிற ஜெட்டுக்கும் நீர் எத்தனை கிலோமீட்டர் கட்டிவிடுவீர்?

வள்ளியூர் மணி:

நம் நாட்டில் இதற்கென்று என்ன இருக்கிறது என்று ஒரு ஸ்லைடு வேண்டும் அண்ணாச்சி. வெளியே தெரிந்தது போதும்.

முக்கூடல் சிக்னல்:

வெளியே தெரிந்தது என்றால், சிக்னல்ஸ் பிரிவு 1911 பிப்ரவரி 15-இல் உருவானது. மின்னணுப் போர்க் கருவிகளை வடிவமைப்பது ஹைதராபாதில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் டி.எல்.ஆர்.எல். ஆய்வகம், செய்வது பெரும்பாலும் பெல் நிறுவனம், பி.இ.எல்., அதாவது பாரத் எலக்ட்ரானிக்ஸ். தரைப்படைக்கு சம்யுக்தா, கப்பல்களுக்கு சக்தி. 2023 மார்ச்சில் ஹிம்சக்தி என்ற தொகுதிக்கு பெல் நிறுவனத்தோடு சுமார் 3,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள், பாதுகாப்பு அமைச்சகச் செய்தியிலேயே இருக்கிறது. அதற்கு மேல் போகாதே, தேவையும் இல்லை.

வள்ளியூர் மணி:

கடைசியாக ஒன்று. எதிரி கணக்கு எழுதியே படம் போடுகிறான் என்றால், பொய்க் கணக்கு கொடுத்து ஏமாற்ற முடியாதா?

முக்கூடல் சிக்னல்:

முடியும், செய்தும் இருக்கிறார்கள். 1941-இல் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் பேர்ல் துறைமுகம் நோக்கிப் போனபோது வழி முழுக்க வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்கள் ஊரிலேயே இருப்பது போலக் கரையில் இருந்து போலிச் சேதி ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகவே அந்தக் கப்பல்களின் வழக்கமான தந்திக்காரர்களைக் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். மோர்ஸ் அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கைவாகு உண்டு, பழகின காது ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். ஆளை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1944-இல் நார்மண்டிக்கு முன்னால் நேச நாடுகள் இங்கிலாந்தின் தென்கிழக்கில் இல்லாத ஒரு படையையே வயர்லெஸ்ஸில் நடத்தின. லாரிகளில் செட்டை வைத்துக்கொண்டு, ஒரு முழுப் படை பேசுவது போலப் பேசி. இதில் கஷ்டம் என்னவென்றால் பொய்யும் உண்மை மாதிரியே அலுப்பாக இருக்க வேண்டும். ரேஷன் வரவில்லை, டயர் பஞ்சர் என்று நாள் முழுக்கப் பேச ஆள் வேண்டும்.

உவரிக்காரன்:

அப்போ நாளையில் இருந்து மீனே இல்லாத இடத்தில் நின்று திடீரென்று வாயை மூடிக்கொள்கிறேன், நாலு போட்டு வந்து நிற்கும்.

ராதாபுரம் ஹாம்:

மணி, படித்தது போதும், கையால் ஒரு தடவை திசை பார்த்துவிட்டால் செமினாரில் யார் என்ன கேட்டாலும் பதில் வரும். நாங்கள் ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசுகிறவர்கள், நரி வேட்டை நடத்துவோம். ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்காவது ஒளித்து வைப்பார், மற்றவர் ஆண்டெனாவைச் சுற்றித் திருப்பித் தேடிப் போக வேண்டும். கேட்க மட்டும் செய்வதானால் எங்களோடு வா. நீயே பேச வேண்டும் என்றால் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும். பன்னிரண்டு வயது ஆன யாரும் எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு, ஈ.சி.ஈ. படிக்கிற உனக்குப் பாடம் ஒரு பொருட்டே இல்லை. ஆண்டெனாவை அங்கேயே கட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் பி.வி.சி. குழாயும் ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு வா, டேப்பை வெட்டித்தான் யாகி என்கிற திசை ஆண்டெனா செய்யப் போகிறோம். இரும்பு டேப் வேண்டும். போன தடவை ஒரு பையன் தையல்கடை டேப்பைக் கொண்டுவந்து நின்றான்.